மேடைக்கு முன்பிருந்த மேசை

மலேசியத் தமிழர்களிடையே தன்முனைப்புப் பயிற்சி இன்று ஒரு முழுநேரத் தொழில். தேர்வுக் காலம் நெருங்கினால் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் முகாம், பள்ளி விடுமுறையில் இளைஞர் பட்டறை, சனி ஞாயிறுகளில் ஓட்டல் அறையில் கட்டணக் கருத்தரங்கு என்று அது நடக்கிறது. அதே தொழில் அண்மைக் காலமாகத் தனியறைக்குள் நுழைந்து, ஒருவருக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசும் வாழ்க்கைப் பயிற்றுநர் வேலையாகவும் கிளைவிட்டிருக்கிறது. இதற்குப் புதிதாக வருகிறவரை இரண்டு கவலைகள் விடுவதில்லை. எதிரே இருப்பவரின் சிக்கலுக்கு வழி கண்டுபிடிக்க என்னால் முடியுமா என்பது ஒன்று. வழி சொல்ல எனக்கென்ன தகுதி என்பது மற்றொன்று. இரண்டுக்கும் மருந்தாக அவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கப் புத்தகங்களும் அவற்றை ஒட்டிய பயிலரங்குகளும்தான். உலகப் பயிற்றுநர் கூட்டமைப்பே 1995இல்தான் அங்கே தொடங்கியது. ஆகவே இத்தொழிலுக்கு நம் பக்கத்தில் முன்கதை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். முன்கதை உண்டு. மலாக்கா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சிறுநகரங்களிலும், பிறர் வாழ்க்கைக்கு வழி சொல்வதையே வேலையாகக் கொண்டவர்கள் நூறாண்டுக்கு மேலாக இருந்திருக்கிறார்கள். அவர்களில் யார் நம்பப்பட்டார்கள், யார் தன்னம்பிக்கையோடு நின்றார்கள் என்று பார்த்தால், இன்றைய பயிற்றுநர் மேடையைப் பார்த்து ஏங்குவதில் பொருள் குறைவு என்றே தோன்றுகிறது.

மலாக்காவில் இடையாளின் கதை ரப்பருக்கு நானூறு ஆண்டு மூத்தது. 1511இல் போர்த்துக்கீசியர் நகரைப் பிடித்தபோது, அதற்கு முன் சிறைப்பட்டுக் கிடந்த அவர்களுடைய ஆட்களுக்கு உதவிய தமிழ் வணிகர் ஒருவருக்குப் பெண்டகாரா என்ற உயர் பதவி கிடைத்தது. போர்த்துக்கீசியர் அவரை நீனா சாத்து என்று எழுதினார்கள். மூன்றே ஆண்டில் அந்தப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவமானம் தாங்காமல் அவர் தீயில் இறங்கி உயிர்விட்டார். டச்சுக்காரர் காலத்தில் செட்டிகளுக்கென்று ஒரு கப்பித்தான் இருந்தார். தங்கத் தட்டார் தெருவில் நிற்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781இல் அப்படிப்பட்ட ஒரு தலைவரின் முயற்சியில் எழுந்ததுதான். இந்தத் தலைவர்கள் சமூகத்துக்குப் பயன்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்களின் சொல்லுக்கு மதிப்பு மேலிருந்து வந்தது. கவர்னர் முகம் கொடுத்தவரை மனிதர் நிமிர்ந்து நின்றார். முகம் திருப்பியதும் என்ன ஆகும் என்பதை நீனா சாத்துவின் முடிவு கொஞ்சம் மிகையாகவே காட்டிவிட்டது.

தோட்டம் வந்தபோது இந்த இடையாள் கங்காணி ஆனார். மலாயாவில் வணிக அளவில் ரப்பர் பயிரிட்ட முதல் இடமே மலாக்காதான்: 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் சில பத்து ஏக்கரில் கன்று நட்டார், சில ஆண்டுகளில் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரித்தார். பிறகு ஜாசின், அலோர்காஜா, காடெக், தெபோங், மெர்லிமாவ் என்று மாநிலம் முழுக்கப் பால்மரம் பரவியது. மரத்தோடு தமிழரும் பரவினார்கள். ஊரில் போய் ஆள் சேர்த்தவர், கப்பலேற்றியவர், லயத்தில் வீடு காட்டியவர், சண்டை தீர்த்தவர், கல்யாணத்துக்குக் கடன் தந்தவர் எல்லாம் கங்காணியே. கலங்கி நிற்பவனுக்கு அவர் சொன்னதுதான் வழி. அந்த வழிக்கு விலையும் இருந்தது. ஆள் சேர்த்ததற்குக் கமிஷன். அப்படிச் சேர்த்த ஆட்களில் அன்றன்று வேலைக்கு இறங்கியவர்களை எண்ணித் தலைக்காசு. பெரட்டுக்களத்தில் விடியுமுன் நடக்கும் எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தால் கங்காணியின் வரும்படியும் குறையும். காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பி வேலைக்கு அனுப்புவதும், வேறு தோட்டத்துக்குப் போக நினைப்பவனைக் கடனைக் காட்டி நிறுத்துவதும் அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை. 1936 கடைசியில் மலாயாவுக்கு வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரி, மறு ஆண்டு அறிக்கையில் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை நிறுத்தச் சொன்னார்; 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் பயணத்தையே தடை செய்தது. கங்காணிக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குரலும் மீசையும் கைத்தடியுமாக அவர் நிறையவே வைத்திருந்தார். மண்டபத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையெண்ணிக் காசு பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் இந்த மூதாதையையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வகை வழிகாட்டி சத்தமில்லாமல் உருவானார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓர் இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நிர்வாகங்கள் சட்டத்தை நிறைவேற்றிய விதம் பெருமைப்படத்தக்கதல்ல: ஒற்றை அறை, பல வகுப்புகள், ஒரே ஆசிரியர். பல இடங்களில் கிராணி எனப்பட்ட தோட்ட எழுத்தரோ கங்காணியோ நாலெழுத்துத் தெரிந்த தொழிலாளியோதான் வாத்தியார். பயிற்சி பெற்றவர் அரிது, சம்பளம் சொற்பம். ஆயினும் லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்ற காரணத்தால் மாலையானால் அவரிடம் ஆட்கள் வந்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்த இந்திய அரசின் ஏஜெண்டுக்கு மனுப் போட வேண்டும். இந்த வேலைக்கு யாரும் அவரை நியமிக்கவில்லை, இதற்குப் பட்டமும் இல்லை. கடிதத்துக்குப் பதில் வந்ததா, மனு நகர்ந்ததா என்பது ஒன்றே அவருக்குச் சான்று. நகர்ந்தால் அடுத்த மாலை இன்னும் இருவர் வருவார்கள். நகராவிட்டால் வேறு யாரிடமாவது போவார்கள். வாத்தியாருக்கு முன்னே இருந்தது ஒரு மேசை, அதன் மேல் ஒரு விளக்கு. மேடை என்று ஒன்று அவருக்குக் கிடைத்தது ஆண்டுவிழா அன்று மட்டும்தான்.

இந்த மேசையின் உண்மையான மதிப்பு 1948க்குப் பிறகே தெரிந்தது. அவசரகாலம் தொடங்கி அடையாள அட்டை வந்தது. அதே ஆண்டு வந்த மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் யார் குடிமகன் என்று வரையறுத்தது. இங்கேதான் மலாக்காவின் நிலை பக்கத்து மாநிலங்களிலிருந்து மாறுபடுகிறது. மலாக்காவும் பினாங்கும் அப்போது சுல்தான் இல்லாத பிரிட்டிஷ் குடியேற்றங்கள். அங்கே பிறந்து, நாட்டில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிரிட்டிஷ் பிரஜை சட்டத்தின்படியே கூட்டரசுக் குடிமகன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலோ நெகிரி செம்பிலானிலோ பிறந்த தமிழருக்கோ தந்தையின் பிறப்பும் வசிப்புக் காலமும்கூடப் பார்க்கப்பட்டன. புக்கிட் அசகான் போன்ற எல்லையோரத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள்: தாய் எந்த மருத்துவமனையில், எந்த லயத்தில் பிரசவித்தாள் என்பது பிள்ளையின் குடியுரிமையைத் தொட்டது. ஆனால் சட்டம் தந்த உரிமையைத் தாளில் காட்ட வேண்டுமே. வீட்டிலேயே பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிய யாரும் போலீஸ் நிலையம் வரை போகாமல் விட்டிருக்கலாம். போயிருந்தாலும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்றாகவும், தகப்பன் அட்டையில் இருந்த பெயர் வேறாகவும் இருக்கும். ராமசாமி ஒரு தாளில் 'ஒய்' எழுத்தில் முடிவார், இன்னொன்றில் 'ஐ' எழுத்தில் முடிவார். அதிகாரிக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள்.

இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தொழிலின் நுட்பம் அதில்தான் இருக்கிறது. முதலில், இல்லாத தாளைத் தேடிப் பொழுதைப் போக்காமல், இருக்கிற தாள்களை மேசையில் பரப்புவது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் வயது இருக்கும். செக்ரோல் புத்தகத்தில் தகப்பன் எந்த ஆண்டிலிருந்து பேர் பதிந்திருக்கிறார் என்பது தெரியும். டிரெஸ்ஸர் வைத்திருந்த மருந்துக்கொட்டகை ஏட்டில் பிரசவக் குறிப்பு இருக்கலாம். அடுத்து, இந்தத் துண்டுகளை இணைத்து, இரண்டு எழுத்திலும் உள்ள ராமசாமி ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் தயாரித்து, ஆணையர் முன் கையெழுத்து அல்லது கைநாட்டு வைக்கச் செய்வது. அதன் பிறகு விண்ணப்பத்தோடு ஆளையும் நகரத்துக்கு அழைத்துக்கொண்டு போவது. கூலி நாளை இழக்கத் தயங்குகிறவரைத் தயார்ப்படுத்துவதும், அதிகாரி கேட்கும் கேள்விக்கு மலாயில் நாலு வாக்கியம் சொல்லப் பழக்குவதும் இதில் அடக்கம். சட்டப் புத்தகம் தெரிந்த வழக்கறிஞருக்கு இந்த வழிகள் அனைத்தும் தோன்றும் என்று சொல்வதற்கில்லை. செக்ரோலும் பள்ளிப் பதிவேடும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அறிந்தவருக்குத்தான் தோன்றும். ஆக்கபூர்வமாகச் சிக்கல் தீர்ப்பது என்று இன்று பயிலரங்கில் வண்ணத் தாள் ஒட்டிக் கற்பிக்கப்படும் கலை தோட்டத்தில் இப்படித்தான் இருந்தது. புதிய யோசனை வானத்திலிருந்து விழவில்லை. ஒரு காரியத்துக்காக வைத்த ஏட்டை வேறொரு காரியத்துக்குச் சாட்சியாக்கத் தெரிந்ததே அந்த யோசனை.

மேசையில் உட்கார்ந்தவர்கள் போதாமல் போனபோது என்ன நடந்தது என்பதையும் வரலாறு பதிந்திருக்கிறது. 1957இல் மெர்டேக்கா எனும் விடுதலை வந்த பின் குடியுரிமை விதிகள் தளர்ந்தன. நாட்டில் பிறந்தவர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்வுகூட வேண்டாம் என்ற சலுகை வந்தது. தொழிற்சங்கத்தாரும் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கிளையினரும் ஆசிரியர்களும் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார்கள். பலர் விண்ணப்பித்தார்கள், பலர் விண்ணப்பிக்கவில்லை. குடிமகன் அல்லாதவரின் சிவப்பு அட்டையோடு இருந்தாலும் பால்மரம் சீவலாம், சம்பளம் வரும், பின் எதற்குக் குடிமகனின் நீல அட்டை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு மே மாத இனக்கலவரத்தை அடுத்து, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. நாடு முழுக்கச் சுமார் 60,000 தோட்டத் தமிழர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பிறந்த மண் என்று சொல்லிக்கொள்ள மலாயாவைத் தவிர வேறில்லாதவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பத்தாண்டுகளில் மேடைப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தமிழர் திருநாள் நடந்தது, மாநாடுகள் நடந்தன, நாளிதழ்களில் தலையங்கங்கள் வந்தன. இல்லாமல் போனது, ஒவ்வொரு லயத்திலும் தாள்களைப் பரப்பிவைத்து எழுதிக்கொடுக்க ஒருவர்தான்.

மேடைப் பேச்சைவிட மேசை வேலை ஏன் பலன் தருகிறது என்பதற்கு மனவியலில் ஒரு விளக்கம் உண்டு. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றது: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் பதற்றமோ அமைதியோ. நான்கிலும் வலுவானது முதலாவது. பிறர் தரும் ஊக்கச் சொல்லால் எழும் நம்பிக்கையோ நிஜத் தோல்வி ஒன்று குறுக்கிட்டால் சீக்கிரம் கரைந்துவிடும். பண்டூராவுக்குத் தோட்டத்தைத் தெரியாது. ஆனால் தோட்ட வரலாற்றை இந்த அளவுகோலால் அளந்தால் பொருந்தி வருகிறது. பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த குடும்பம் அடுத்துப் பள்ளி உதவித்தொகைக்கு எழுதிப்போடத் துணிகிறது. எழுதிக்கொடுத்தவரும் அடுத்த முறை அதிகாரி முன் தடுமாறுவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் நம்பிக்கை ஒரே தாளிலிருந்து வந்தது என்பதைப் புதிய பயிற்றுநர் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் எதிரில் உட்காரும் முன்பே தனக்குள் உறுதியைத் திரட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அவர் நினைப்பதால்தான் திணறுகிறார். முதல் சிக்கலைத் தீர்க்கும்போதே உறுதியும் வந்து சேரும்.

தொழிலாளியைத் தானே செய்து பார்க்க வைத்த ஒரு முயற்சி இலக்கியத்திலும் நடந்தது. 1950-51இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்று ஒன்றை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்ற பாடம் பத்திரிகையில் வரும். வாசகர்கள் பயிற்சிக் கதை எழுதி அனுப்புவார்கள். அவை திருத்தப்பட்டுத் தரம் பிரிக்கப்படும். எழுத்தாளர் என்பவர் தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டியவர் என்று நினைத்திருந்த காலம் அது. மலாக்கா எல்லையைத் தாண்டினால் வரும் தங்காக்கில் இருந்த மா. இராமையா போன்றவர்கள் எழுந்து வந்த காலமும் அதுவே. 1953இல் அவரும் மா. செ. மாயதேவனும் சேர்ந்து இரத்ததானம் என்ற சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதே கட்டத்தில் தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பிள்ளைகளை எழுத வைத்தது. இந்த வகுப்புகளில் பாராட்டு குறைவு, திருத்தம் அதிகம். மூன்றாந்தரம் என்று குறித்து வந்த கதையை மறுபடி எழுதி அனுப்பி மேல் தரம் வாங்கியவனுக்கு, நீயும் எழுத்தாளன்தான் என்று தோளில் தட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. சிவப்பு மையை இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கும் பயிற்றுநர்கள் இன்று எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

துணிச்சலான மாற்றுவழி என்றால், தோட்ட வரலாற்றில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இணையாக இன்னொன்றைக் காட்டுவது கடினம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின; வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடலின் விளைவுகளைப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வேலையும் போய், வேலையோடு வந்த லயத்து வீடும் போய், பள்ளியும் கோயிலும் ஆளற்றுப் போவதே அதன் சாரம். இதற்கு வழக்கமான விடைகள் மூன்று: மனுக் கொடுப்பது, வேலைநிறுத்தம், ஊர் திரும்புவது. வீ. தி. சம்பந்தன் 1960இல் நான்காவது ஒன்றைச் சொன்னார்: விற்கிற தோட்டத்தைக் கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தொழிலாளியே வாங்கட்டும். பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றாடக் கூலி ஒருசில வெள்ளியாக இருந்த வீட்டில் 10 வெள்ளி லேசான தொகை இல்லை. முதல் தோட்டமாகக் கெடாவில் புக்கிட் சிடிம் வாங்கப்பட்டது. சம்பந்தன் நல்ல பேச்சாளர்தான், அமைச்சரும்கூட. அவர் சொல்லில் எடை இருந்தது. ஆனால் அவரோடு ஒரு ரசீதுப் புத்தகமும் தோட்டம் தோட்டமாகப் போயிற்று. கட்டிய பணத்துக்குத் தாள், பத்து மாதம் முடிந்தால் பங்கு, பங்கு சேர்ந்தால் நிலம் என்று ஒவ்வொரு படியும் தொழிலாளி கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது. நாமும் தோட்டம் வாங்கலாம் என்று வெறும் வாயால் சொல்லியிருந்தால் பெரட்டுக்களத்தில் சிரித்திருப்பார்கள்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, பேச்சுக்கு நீங்கள் உரிய இடம் தரவில்லை என்பது. நியாயமான மறுப்பு. 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவர் சொன்ன சுயமரியாதை, இதழாசிரியர் கோ. சாரங்கபாணியின் எழுத்து வழியாகத் தோட்டம் வரை போயிற்று. 1943இல் நேதாஜி பேசியதைக் கேட்டு, பால்மரத்தைத் தவிர வேறெதையும் தொட்டறியாத பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கினார்கள். போர் முடிந்தபின் தோட்டத் துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்ற தலைமுறை ஒன்று தோட்டங்களில் எழுந்ததை வரலாற்றாசிரியர்கள் பலரும் இந்தப் படை அனுபவத்தோடு இணைக்கிறார்கள். உண்மைதான், சொல் இல்லாமல் இவை நடந்திருக்காது. ஆனால் அந்தப் பெண்களை மாற்றியது சொற்பொழிவு மட்டுமா? பேச்சைக் கேட்ட கையோடு அவர்கள் முகாமுக்குப் போனார்கள், அணிவகுத்தார்கள், குறி வைத்துச் சுட்டார்கள், காட்டில் நடந்தார்கள். சுயமரியாதைக்காரர்களும் மேடையை விட்டு இறங்கிப் புரோகிதரில்லாத திருமணத்தை நடத்திக்காட்டினார்கள், இரவுப் பள்ளி வைத்தார்கள், கள்ளுக்கடைக்கு எதிராக நின்றார்கள். பேச்சுக்குப் பின் செய்வதற்கு ஒன்று தயாராக இருந்தபோது பேச்சு நிலைத்தது. இன்றைய கருத்தரங்கில் கைதட்டி, கண்ணீர் விட்டு, திங்கட்கிழமை அதே மின்னியல் தொழிற்சாலைக்கு அதே கடனோடு திரும்புகிறவருக்குச் செய்வதற்கு என்ன கொடுத்தனுப்பினோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும். எழுதிக்கொடுத்தவர்கள் என்ன தியாகிகளா? படிவத்துக்குக் காசு வாங்கியவர்கள், கட்சிக்கு ஓட்டுச் சேர்த்தவர்கள், சிபாரிசு என்ற பெயரில் மக்களைத் தங்கள் வாசலிலேயே காத்துக்கிடக்க வைத்தவர்கள் உண்டு. தாளைத் தான் மட்டுமே நிரப்பத் தெரிந்தவராக இருந்துகொள்வது அதிகாரத்தின் ஒரு வடிவம். கங்காணியின் கடன் கணக்குக்கு அது ரொம்பத் தூரமில்லை. இதை மறைத்து எழுதினால் வரலாறு கெட்டுவிடும். மலாக்காவிலேயே இதற்கு ஒரு பதில் நடந்தது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள், இடையில் நின்று பேச யாரையும் எதிர்பார்க்காமல், தங்கள் வழக்கைத் தாங்களே சொல்லக் கோலாலம்பூரை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் மனு எழுதிய கைகளைத் தாண்டிப் போன கால்கள் அவை. இதை மேசைக்கு எதிரான சான்றாக வைக்கலாம். எனக்கு அது மேசையின் இறுதிக் கட்டமாகப் படுகிறது. சம்பள விகிதமும் தொழிற்சங்கச் சட்டமும் இன்ன அமைச்சரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியாத கூட்டம் தலைநகரம் வரை நடந்து போகாது. அந்தத் தெளிவு யாரோ பல மாலைகள் உட்கார்ந்து விளக்கியதால் வந்தது. நல்ல எழுதிக்கொடுப்பவர் யார், தரகர் யார் என்று பிரிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இரண்டாவது படிவத்தை வந்தவரே நிரப்பினாரா?

மூன்றாவதாகச் சிலர் சொல்வார்கள்: அந்தத் தோட்டங்கள் இப்போது எங்கே? ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று, பத்து பெரெண்டாம், ஆயர் குரோ பக்கம் தொழிற்பேட்டையாயிற்று. லயத்துப் பிள்ளைகள் அடுக்குமாடி மலிவு வீடுகளில் இருக்கிறார்கள்; அவர்களின் சிக்கல் தாளில் இல்லை, மனத்தில் இருக்கிறது; தனிமை, குடி, குண்டர் கும்பல், தாழ்வு மனப்பான்மை. இதில் பாதி உண்மை. மனச்சிக்கலுக்கு மனவியல் பயின்றவர்தான் வேண்டும். பயிற்றுநர் மருத்துவர் வேலையைச் செய்யக்கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். ஆனால் தாழ்வு மனப்பான்மைக்குக்கூடப் பேச்சைவிடப் பாடம் நன்றாக மருந்தாகியிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அதற்குச் சான்று. தன்முனைப்பு உரை, பிரார்த்தனை, பத்துமலைக்குக் கல்வி யாத்திரை எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதியில் வந்து கணக்கும் வரலாறும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பும் உண்டு. உணர்ச்சியை எழுப்பிவிட்டுப் போகாமல், எழுந்த உணர்ச்சி ஆறுமுன் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். அங்கே பாடம் நடத்தியவர்களும் இருபது வயது சொச்சம் உடைய புதியவர்களே. நான் யார் இவர்களுக்கு வழி சொல்ல என்ற கேள்வி அவர்களுக்கும் எழுந்திருக்கும். ஒரு மாணவனுக்குப் பின்னக் கணக்கு விளங்கும் வரை சொல்லிக்கொடுத்த பிறகு அந்தக் கேள்வி அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

தாள் சிக்கல் தீர்ந்துவிட்டது என்ற எண்ணமும் பிழை. மெர்டேக்கா கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பின்னும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத இந்தியர்கள் இருந்ததால்தான் அரசு 2011இல் மைடஃப்தார் என்ற சிறப்புப் பதிவு இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வாங்குவதும், அட்டை இல்லாத இளைஞனுக்கு முறையான வேலை தேடுவதும் இன்றும் பெரும்பாடு. அவனிடம் போய் உன்னால் முடியும் என்று சொல்வது பொய். சட்டப்படி அவனால் முடியாது, தாள் வரும்வரை. ஜாசினிலோ அலோர்காஜாவிலோ வாழ்க்கைப் பயிற்றுநர் என்று பலகை மாட்டப் போகிறவர், முதல் கருத்தரங்குக்கு மண்டபம் தேடும் முன் இப்படி ஒரு குடும்பத்தோடு பதிவு இலாகாவுக்குப் போய் வரட்டும். சத்தியப் பிரமாணத்தை எழுதுவதில் தொடங்கிப் பத்திரம் கைக்கு வரும்வரை உடனிருக்கட்டும். அடுத்த குடும்பத்தை அந்தக் குடும்பமே அழைத்துவரும்.